சொந்தக் காதுக்கு மட்டும்

மார்கழி 1, ஞாயிறு

பெங்களூரிலிருந்து கூரியர் வந்தது. உள்ளே சோப்புப் பெட்டிக்குத் தம்பி என்று சொல்லத்தக்க ஒரு கறுப்புச் சாமான். டிஜிட்டல் ரெக்கார்டராம். மூவாயிரம் பாட்டுக் கொள்ளும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. திருநெல்வேலி ஜில்லாவில் இதுவரை பிறந்தவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பாட்டுப் பாடிவிட்டுப் போனாலும் மூலையில் இன்னும் இடம் மிச்சமிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அனுப்பியவள் என் தங்கை ஆவுடையின் ஒரே மகள் பிரமு. தாய்மாமன் மருமகளுக்குச் சீர் செய்வதுதான் உலக வழக்கம். இங்கே மருமகள் மாமனுக்குச் செய்திருக்கிறாள். சூரியன் நாளைக்கு மேற்கில் உதித்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

சாயங்காலம் போன் செய்தாள். நான் பேசவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், இப்போதெல்லாம் லைனே சரியில்லை. தேசத்தின் லைன்கள் அனைத்தும் நான் ஓய்வு பெற்ற வருத்தத்தில் தொண்டை கட்டிக் கிடக்கின்றன. ஆகவே என் மனைவி செண்பகம் பேசினாள். பேசி முடித்து என் எதிரே வந்து நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"ஆவுடை பாடுன கேசட்டை இதுல ஏத்தி வைக்கணுமாம். தை நாலாந்தேதி தலைத்திவசத்துக்கு வாரா. அன்னைக்கு எல்லாரும் உக்காந்து கேக்கணும்னு சொல்லுதா. அம்மா குரல் அவகிட்ட வேற எதுலயும் கெடையாதாங்க. அழுதுட்டா பாவம்."

ஆவுடை போய் ஒரு வருடமாகப் போகிறது. அவள் குரல் உலகத்தில் மிச்சமிருப்பது ஒரே ஒரு கேசட்டில். அது என் பீரோவில் இருக்கிறது.

"ரெக்கார்டர்ல சிவப்பு விளக்கு எரியுத அளவுக்குச் சத்தத்தை ஏத்தப்படாதாம், எரிஞ்சா பாட்டு கெட்டுப்போவுமாம், சொல்லச் சொன்னா" என்றாள் செண்பகம். உத்தரவு.

மார்கழி 2, திங்கள்

செண்பகம் பிரகடனம் செய்திருக்கிறாள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் என் கேசட்டுகள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். பூஞ்சணம் பிடித்து நாறுகிறதாம். அவள் சேலைகளுக்கெல்லாம் அந்த வாடை ஏறிவிட்டதாம்.

அவை சாதாரணக் கேசட்டுகளா? ஒவ்வொன்றும் வெள்ளைத் தாளில் பாட்டு வரிசை எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, இன்று வா நாளை வா என்று அவர்கள் இழுத்தடித்து, கடைசியில் நான் கேட்ட பாட்டில் பாதியும் அவர்களுக்குப் பிடித்த பாட்டில் பாதியுமாக வாங்கி வந்த செல்வம். மூன்று டிரங்குப் பெட்டிகள். இறக்கி வைத்தபோது பூமி சற்றுத் தாழ்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆக, ஆவுடை கேசட்டோடு மொத்த சாம்ராஜ்ஜியத்தையும் ரெக்கார்டருக்குள் குடியேற்றுவது என்று முடிவு செய்தேன். டேப் டெக்கிலிருந்து என் பழைய ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு ஒயர். அதிலிருந்து ரெக்கார்டருக்கு ஒரு ஒயர். என் தலையில் ஹெட்போன்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த வழி கிடையாது. பாடியவர்கள் எவ்வளவு நேரம் பாடினார்களோ அவ்வளவு நேரம் நானும் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று இரண்டு கேசட். முதுகு, நான் யார் என்று என்னையே கேட்கிறது.

மார்கழி 4, புதன்

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, டெக்கில் நாடா உரசும் தலையைத் துடைத்தேன். காப்பிப் பொடி நிறத்தில் அழுக்கு. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லி வைத்தேன். மீண்டும் துடைத்தேன்.

கேசட்டுகள் கிழடு தட்டிவிட்டன. பாடுகிறவர்கள் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவது போலிருக்கிறது. புல்லாங்குழல் வாசிப்பவன் சம்பளப் பாக்கி என்று பாதிப் பாட்டில் எழுந்து போய்விட்டான். ஜால்ரா அடியோடு காணோம். பூஞ்சணம் தின்றிருக்கும்.

ஆம்ப்ளிஃபையரில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று பேஸ், கனத்த சத்தத்துக்கு; மற்றது ட்ரெபிள், கீச்சுச் சத்தத்துக்கு. ட்ரெபிளைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினேன். கம்பளி விலகியது. பாதி வரை திருப்பினேன். கதவு திறந்தது. முழுக்கத் திருப்பி, பேஸை அடியோடு இறக்கினேன். புல்லாங்குழல்காரன் திரும்பி வந்து என் மடியிலேயே உட்கார்ந்துகொண்டான்!

இனி எல்லாமே இப்படித்தான். சிவப்பு விளக்கு மட்டும் எரியாமல் பார்த்துக்கொண்டேன்.

மார்கழி 6, வெள்ளி

இந்த வருடம் கோயில் கமிட்டிக்கு என்ன நெருக்கடியோ, மார்கழிக் காலையில் ஒலிபெருக்கி கட்டி ரேடியோ போடுவதை நிறுத்திவிட்டார்கள். விடியற்காலை நான் கண்விழித்துப் படுத்திருந்தேன். ஒரே நிசப்தம். பனி விழுவது கூடக் கேட்கவில்லை. பக்தி இப்படியா தேய்ந்து போவது?

காப்பி கொண்டு வந்த செண்பகம் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "நாலரைக்கே அந்த ரேடியோவைப் போட்டு உசிரை எடுத்துட்டானுவ. பொட்டுத் தூக்கமில்லை" என்றாள்.

பாவம், கனவு கண்டிருக்கிறாள்.

மார்கழி 7, சனி

பக்கத்து வீட்டு மாசானம் வந்தார். ஓய்வு பெற்ற தாசில்தார். சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர். ஒயர்களைப் பார்த்ததும் அவர் மீசை விறைத்தது.

"ஓய் சொரிமுத்து, என்னவே நடக்கு இங்க? பாட்டைக் காப்பி அடிக்கீரா? அது குத்தம்வே."

"விக்கவா போறேன்? என் கேசட்டு, என் பெட்டி. சொந்த உபயோகம்."

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்லுவான். நாளைக்கு ஒம்ம மச்சான் கேப்பான், கொழுந்தியா கேப்பா, தெருவே கேக்கும். குடுக்க மாட்டீராக்கும்?"

நான் எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, டெக்கின் மேல் சத்தியம் செய்தேன். "இதிலுள்ள ஒவ்வொரு பாட்டும் சொரிமுத்துவாகிய என் ஒருவன் காதுக்கு மட்டுமே. ஆவுடை பாடினது மட்டும் பிரமுவுக்கு. சூரிய சந்திரர் சாட்சி."

"அந்தக் காதைப் பத்தித்தான் ஒம்ம வீட்டம்மா எங்க வீட்ல பொலம்பிட்டுப் போறா" என்றார் மாசானம். என்ன சொல்கிறார் என்று புரிந்துகொள்ள நான் முயலவில்லை. தாசில்தார்கள் பேச்சு தெளிவாக இருந்தால் அவர்கள் ஏன் தாசில்தார்கள்?

மார்கழி 9, திங்கள்

செண்பகத்திடம் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்திருக்கிறது. எங்கிருந்தாலும் வந்து, என் தோளைத் தொட்டு, நேர் எதிரே நின்று, முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள். கல்யாணமான புதிதில் கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை. இந்த வயதில் என் அழகு அவளைப் பிடித்து ஆட்டுகிறது. நான் என்ன செய்வது?

மூன்று கேசட் முடிந்தது. கழுத்து வலி.

மார்கழி 11, புதன்

குக்கர் கெட்டுப்போய்விட்டது.

செண்பகம் கோயிலுக்குப் போகும்போது மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நான் ஹெட்போனைக் கூட மாட்டவில்லை. அடுக்களை வாசலிலேயே நாற்காலி போட்டு, யானைக்குக் காவல் இருக்கும் பாகன் போல உட்கார்ந்திருந்தேன். அது விசிலே அடிக்கவில்லை. கடைசியில் பருப்பு கரிந்து, புகை எழுந்து, அந்த வாடை திருச்செந்தூர்க் கடற்கரை வரை போயிருக்கும்.

செண்பகம் வந்தாள். குக்கரைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. பாத்திரத்தை எடுத்துப் போய்த் தண்ணீரில் போட்டுவிட்டு, வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டியிருக்கலாம்.

மார்கழி 12, வியாழன்

மழை. நான்கு கேசட். ஒன்றில் டேப் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பால்பாயின்ட் பேனாவை விட்டுச் சுற்றினேன்.

மார்கழி 15, ஞாயிறு

"ஏங்க, ஹெட்போன்ல இருந்து சிள்வண்டு கத்துத மாதிரி சத்தம் வருது. பாட்டு இப்படியா இருக்கும்?" என்று செண்பகம் எதிரே வந்து நின்று கேட்டாள்.

"அது டிஜிட்டல். உனக்குப் பழக்கமில்லை."

"நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கப்படாது. பாளையங்கோட்டைல காது டாக்டர் ஒருத்தர் நல்லாப் பாக்காராம். மாசானம் அண்ணாச்சி அவர்கிட்டத்தான் போனாவளாம். ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோமே."

நான் சிரித்தேன். வீடு அதிரும்படி சிரித்தேன். எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது, கடையநல்லூரில் பேசுகிறவன் மூச்சிலிருந்தே அவனுக்குச் சளியா காய்ச்சலா என்று சொன்னவன் நான். செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் குண்டூசி விழுந்தால் இந்தப் பக்கம் எந்த வீட்டுக் குண்டூசி என்று சொன்ன காது இது. இதற்கு டாக்டரா? டாக்டர்தான் வந்து இந்தக் காதில் பாடம் படிக்க வேண்டும்.

"சரி, பொங்கல் கழியட்டும்" என்றாள்.

அவள் எதையும் இவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கிறவள் அல்ல. எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்கழி 19, வியாழன்

இரண்டாவது டிரங்கு முடிந்தது. நான் முடிந்து இரண்டு நாளாகிறது.

காக்காய்கள் இந்தத் தெருவுக்கு வந்து உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டுப் போகின்றன. பழையபடி கத்துவதில்லை. அவற்றுக்கும் ஏதோ போராட்டம்.

மார்கழி 23, திங்கள்

ஆவுடை கேசட்டைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். இன்று எடுத்தேன்.

இது எப்படி உண்டானது என்று எழுதி வைக்கிறேன். பிரமு தொட்டிலில் கிடந்த காலம். வீரவநல்லூரில் அவர்கள் வீட்டுக்கு ஒரு நாள் புது டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆவுடை நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். அரிசி புடைக்கும்போதும், பிள்ளையை ஆட்டும்போதும் மட்டும் தானாக வரும் பாட்டு. நான் அடுப்பங்கரைப் பக்கம் மிஷினை வைத்துவிட்டு, "பிள்ளையைத் தூங்க வை, நான் ஒண்ணும் கேக்கலை" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவளுக்குத் தெரியும். தெரிந்தே பாடினாள். ஒரு பக்கம் முழுக்க.

இன்று டெக்கில் போட்டதும் ஒன்றுமே வரவில்லை. சத்தத்தின் அளவு காட்டும் முள் மட்டும் ஆடியது. பயந்துபோய்த் திருகைப் பார்த்தேன். ஏற்கெனவே ட்ரெபிள் முழுக்க ஏறித்தான் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் நண்பன் ஒருவன் எப்போதோ கொடுத்த இன்னொரு ஆம்ப்ளிஃபையர் பரணில் இருந்தது. அதை இறக்கித் தூசி தட்டி, இதோடு சேர்த்து மாட்டி, அதிலும் ட்ரெபிளை முழுக்க ஏற்றினேன்.

வந்துவிட்டாள்.

"அண்ணே, ஒனக்கு வேற சோலியே கெடையாதா" என்று முதலில் ஒரு வார்த்தை. பிறகு தொட்டில் கயிறு கிரீச்சிடும் சத்தம். பிறகு பாட்டு. கண்ணாடிச் சில்லில் வெயில் பட்டதுபோல அவ்வளவு தெளிவு. நடுவில் நிறுத்தி, "முழிச்சிட்டா பாரு, ஒன்னாலதான்" என்கிறாள். மறுபடி பாடுகிறாள்.

முழுவதையும் ஏற்றினேன். உண்மையாகச் சொல்கிறேன், இதில் அலங்காரமில்லை. அசல் கேசட்டைவிட இந்தக் காப்பி உசத்தி. அவள் நேரில் பாடியபோது கூட இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றியபோது செண்பகம் எதிரே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று முந்தானையை நீட்டினாள். மார்கழிப் பனிக்குக் கண்ணில் நீர் வருவது சகஜம்.

மார்கழி 28, சனி

வெள்ளையடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். வீட்டுச் சாமான்கள் எல்லாம் வாசலில் கிடக்கின்றன. இரண்டு நாற்காலிக்கும் ஒரு ஆட்டுரலுக்கும் நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சுண்ணாம்பு வாடை. இடுப்பைப் பற்றி எழுதினால் தாள் அழும்.

மார்கழி 29, ஞாயிறு, போகி

குப்பை வண்டி வந்தது. மூன்று டிரங்குக் கேசட்டுகளும் ஊர்வலம் போயின. நான் வாசலில் நின்று ராணுவ மரியாதை செலுத்தினேன். வண்டிக்காரன் பதிலுக்கு சல்யூட் வைத்தான். நல்ல மனுஷன்.

ஆவுடை கேசட்டை நான் போடப் போனபோது செண்பகம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஒண்ணு மட்டும் இருக்கட்டுங்க. துளியூண்டு. எடமா அடைக்கப் போவுது?"

"வீடு முழுக்கச் சுத்தம் என்று நீதானே சட்டம் போட்டாய்? அதில் பூஞ்சணம் பிடித்த குரல் இருக்கிறது. இதோ, இந்தப் பெட்டியில் தங்கக் குரல் இருக்கிறது. சாறு பிழிந்த பிறகு யாராவது கரும்புச் சக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா?"

"எனக்கென்னமோ மனசு ஒப்பலை."

நான் போட்டேன். சக்கரவர்த்திகள் போட்ட பொருளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை மட்டும் பார்த்தேன்.

தை 1, திங்கள்

பொங்கல். பால் பொங்கியது. கரும்பு கடித்ததில் கடைவாய்ப்பல் ஆடுகிறது.

தை 3, புதன்

பிரமு வந்துவிட்டாள். இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, கேட்டீளா? நல்லா வந்திருக்கா?" என்றாள். பெங்களூரில் இத்தனை வருடம் இருந்தும் பேச்சில் வீரவநல்லூர் அப்படியே இருக்கிறது. ஜாடையும் ஆவுடைதான். பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பதும் ஆவுடைதான்.

"தேவலோகத்தில் இருந்து ஆள் அனுப்பி ஒரு காப்பி கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்" என்றேன்.

சிரித்தாள். "இப்பவே கொஞ்சம் போடுங்களேன்."

"நாளை. சபை கூடியதும்தான் அரங்கேற்றம்."

"அம்மா என்னை ஏசுதது கூட மறந்துபோச்சு மாமா. மொகம் போட்டோவுல இருக்கு. கொரலு... நெனைச்சு நெனைச்சுப் பாக்கேன், வரமாட்டேங்கு" என்றாள்.

இதைச் சொல்லும்போது அவள் குனிந்துகொண்டதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிறகு செண்பகம்தான் எதிரே நின்று சொன்னாள்.

தை 4, வியாழன்

திவசம் முடிந்தது. சாப்பாடு முடிந்தது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். வீரவநல்லூர்ச் சொந்தங்கள், மாசானம், அவர் மனைவி, அவர்கள் பேத்தி. பிரமு முன்னால், ஆவுடை படத்துக்குக் கீழே உட்கார்ந்தாள்.

நான் ரெக்கார்டரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்து, எனக்கு நன்றாகக் கேட்கும்படி சத்தத்தை ஏற்றி, பொத்தானை அமுக்கினேன்.

"அண்ணே, ஒனக்கு வேற சோலியே கெடையாதா" என்றாள் ஆவுடை. கூடத்துக்கு நடுவே வந்து நின்று சொன்னது போலிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொட்டில் ஆடியது. பாட்டு வந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நெல்மணி போல.

கண்ணைத் திறந்தேன்.

மாசானம் பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. மாசானம் முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வீரவநல்லூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்தே போய்விட்டாள். செண்பகம் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், போதும், போதும் என்று. எனக்குப் புரியவில்லை. இவ்வளவு அழகாகப் பாடுகிறாளே, இவர்களுக்கு என்ன வந்தது?

பிரமு எழுந்து வந்து அவளே பொத்தானை அமுக்கினாள்.

"என்னம்மா?"

அவள் எதிரே நின்று, மெதுவாக, செண்பகம் பேசுவது போலவே பேசினாள். "மாமா, தகரத்துல ஆணி வச்சுக் கீறுத மாதிரி இருக்கு. கொரலே இல்லை. வெறும் இரைச்சல். ஒங்களுக்குக் கேக்கலையா?"

"தெளிவாகக் கேட்கிறதே."

மாசானம் தம் மனைவியிடம் ஏதோ சொன்னார். அவர் வாயசைப்பு எனக்குப் புரிந்தது. சத்தியம் செஞ்சபடியே செஞ்சிட்டான் பாரு, அவன் காதுக்கு மட்டும்.

பிரமு கேட்டாள். "சரி, போவட்டும். கேசட்டு இருக்குல்லா? நான் மறுபடியும் ஏத்திக்கிடுதேன். எங்க மாமா கேசட்டு?"

செண்பகம் தரையைப் பார்த்தாள்.

தை 5, வெள்ளி

காலையில் யாரிடமும் சொல்லாமல் நகராட்சிக் குப்பைக்கிடங்கு வரை போனேன். ஆட்டோக்காரன் பேரம் பேசினானோ என்னவோ. அங்கே குப்பை, நம் ஊர் மலைகள் வெட்கப்படும் உயரத்துக்குக் கிடக்கிறது. போகிக் குப்பையை ஏற்கெனவே எரித்துவிட்டார்கள். அங்கிருந்த ஆள் கையால் சைகை காட்டிப் புரியவைத்தான். கறுப்பு நாடா கொஞ்சம் முள்செடியில் சிக்கிக் காற்றில் ஆடியது. யாருடையதோ.

வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை. வேறு எழுத ஒன்றுமில்லை.

தை 6, சனி

பிரமு இன்று சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும். காலையில் என் அறைக்கு வந்தாள். ரெக்கார்டரையும் தன் மடிக்கணினியையும் கையில் வைத்திருந்தாள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். தோளைத் தொட்டாள். செண்பகம் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

"எந்திரிங்க மாமா. இதை ஏத்தும்போது எதுல எவ்வளவு வச்சீய?"

சொன்னேன். இரண்டு ஆம்ப்ளிஃபையர், இரண்டிலும் ட்ரெபிள் முழுக்க, பேஸ் அடியோடு இல்லை.

"சிவப்பு விளக்கு எரிஞ்சிதா?"

"எரியவில்லை. நீ சொன்னாயே."

"அப்போ உள்ள இருக்கு மாமா. அம்மா உள்ளதான் இருக்கா. ஏத்துன பெட்டியை வச்சே எறக்கிப் பாப்போம். கம்ப்யூட்டர்ல தனியாவும் செய்யலாம். ஆனா எந்தத் திருகு எவ்வளவு ஏறிச்சோ, அந்தத் திருகே அவ்வளவு எறங்குனா அசலுக்கு நெருக்கமா வரும்."

"நீயே செய்."

"நீங்கதான் செய்யணும். நான் கேக்கேன், நீங்க திருகுங்க."

கூடத்தில் ஒயர்களை மாட்டினாள். ரெக்கார்டர் ஒரு முனையில், நடுவே என் இரண்டு பெட்டிகள், மறு முனையில் அவள் கணினி. அவள் சம்மணம் போட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள் என்றாள். ஆவுடை பாடத் தொடங்கினாள்.

பிரமு முகம் சுருங்கியது. ட்ரெபிளை இடப்பக்கம் திருப்பினேன்.

"இன்னும்."

திருப்பினேன். ஆவுடை கதவுக்கு அந்தப் பக்கம் போனாள்.

"இன்னும் மாமா. பேஸை ஏத்துங்க."

அவள் அடுத்த தெருவுக்குப் போனாள். அங்கிருந்து ஏதோ பாடினாள். தொட்டில் சத்தம் போய்விட்டது. என் கை நின்றுவிட்டது. இதற்கு மேல் திருப்பினால் அவள் ஊரை விட்டே போய்விடுவாள்.

பிரமு எட்டி என் மணிக்கட்டைத் தொட்டாள். அவள் உதடுகளைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம். வாரா மாமா. பக்கத்துல வந்துட்டா."

திருப்பினேன். இரண்டாவது பெட்டியிலும் திருப்பினேன். கூடம் அமைதியாகிவிட்டது. மார்கழிக் காலைகளைப் போல ஒரே அமைதி. நான் பிரமு முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, நூல் நூலாகத் திருப்பினேன். சுளித்திருந்த புருவங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பிறகு அவள் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

கையை உயர்த்தினாள். போதும்.

அடுக்களையிலிருந்து செண்பகம் ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"பாடுதாளா?" என்று கேட்டேன்.

பிரமு தலையசைத்தாள். கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கணினியில் பதிவுப் பொத்தானைத் தட்டிவிட்டு, முழுவதும் ஏறும்வரை இப்படியே இருக்க வேண்டும், கை அசையக் கூடாது என்று சைகையில் சொன்னாள்.

பாடினவள் எவ்வளவு நேரம் பாடினாளோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் இரண்டு பெட்டிகளின் திருகுகளையும், ஓடிவிடப் பார்க்கும் கோழிகளைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் பிரமு அழுதுகொண்டே சிரித்தாள். ஆவுடை பிள்ளை விழித்துவிட்டது என்று என்னை ஏசும் இடமாக இருக்கும். நானும் சிரித்து வைத்தேன்.

கையில் விரல்கள் மரத்துவிட்டன. பெட்டியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, என் வரைக்கும் ஒரு சத்தமும் வந்து சேரவில்லை. ஆனால் முள் ஆடிக்கொண்டிருந்தது. செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிரமுவின் உதடுகள் பாட்டோடு சேர்ந்து அசைந்தன. ஆகவே ஆவுடை கடைசி வரை பாடினாள் என்றே இங்கே குறித்துக்கொள்கிறேன்.